முதல் அக்வாபோனிக்ஸ்: பழைய சின்டெக்ஸ், 100 ஜிலேபி மீன், கூலர் பம்ப் – சரிப்படுமா?

பொடக்காளி_கோவை

வணக்கமுங்க. கோவையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் 12க்கு 15 அடி இடம் சும்மா கிடக்கிறது. ஒரு துவைக்கிற கல், ஓரத்தில் ஒரு முருங்கை மரம், அவ்வளவுதான். அதில் மீன் தொட்டித் தண்ணீரிலேயே செடி வளர்க்கிற அக்வாபோனிக்ஸ் போடலாம் என்று மூன்று மாதமாக வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். ஒருத்தர் சொன்னதை அடுத்தவர் மறுக்கிறார், அவர் சொன்னதை இன்னொருத்தர் சிரிக்கிறார், இப்போது ஆரம்பித்தபோது இருந்ததைவிடக் குழப்பமாக நிற்கிறேன்.

கையில் இருப்பது இதுதான். மாடியிலிருந்து இறக்கிய பழைய 500 லிட்டர் கறுப்பு சின்டெக்ஸ், வெடிப்பு எதுவும் இல்லை. வீடு கட்டியபோது மீந்த முக்கால் இஞ்ச் ஜல்லி ஒரு குவியல். ஏர் கூலரிலிருந்து கழற்றிய பம்ப் ஒன்று. 200 லிட்டர் நீல டிரம் இரண்டு வாங்கி நெடுக்காக அறுத்தால் செடிக்கு நாலு தொட்டி ஆகிவிடும். சின்டெக்ஸில் ஜிலேபி மீன் (திலேப்பியா) குஞ்சு 100 விடலாம் என்று கணக்கு. செடித் தொட்டி நிறைந்ததும் தண்ணீரைத் தானாக வடிக்கிற பெல் சைஃபன் செய்யப் பழகிக்கொண்டிருக்கிறேன், இதுவரை மூன்று பைப் வீண்.

தண்ணீர் இரண்டு வகை. போர் தண்ணீர் உப்பு, டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 1100 காட்டுகிறது. சிறுவாணித் தண்ணீர் நாலைந்து நாளுக்கு ஒருமுறை வரும்.

முழு செட்டாகப் போட்டுத் தருகிறோம் என்று ஒரு இடத்தில் 70 ஆயிரம் சொன்னார்கள். வீட்டம்மா, அந்தக் காசுக்குப் பத்து வருசம் உக்கடத்தில் மீன் வாங்கித் தின்னலாம் என்கிறார். எனக்கு 25 ஆயிரத்துக்குள் முடிய வேண்டும். சின்டெக்ஸ் போதுமா, இல்லை எல்லோரும் சொல்கிற ஐபிசி டேங்க்தான் (கம்பிக் கூண்டுக்குள் இருக்கும் பெரிய பிளாஸ்டிக் டேங்க்) வாங்க வேண்டுமா? பம்ப் தண்ணீரைக் கொட்டும்போதே காற்று கலக்குமே, தனியாக ஏர் பம்ப் எதற்கு? கரண்ட் போனால் என்ன செய்கிறீர்கள்?

வைகைக்கரை

தம்பி, வயது தெரியாமல் தம்பி என்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மதுரையில் நாலு வருசமாக ஓட்டுகிறேன், இரண்டு முறை எல்லாம் செத்து முதலிலிருந்து ஆரம்பித்தவன்.

100 மீன் என்பதை முதலில் அடித்துவிடுங்கள். கணக்கைச் செடித் தொட்டியிலிருந்து தொடங்க வேண்டும். பாதி டிரம் ஒன்றின் மேல்பரப்பு சுமார் அரைச் சதுர மீட்டர், நாலும் சேர்ந்தால் 2 சதுர மீட்டர். கீரை மாதிரி இலைப்பயிருக்கு ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம் தீவனம் என்பது ரொம்ப நாளாகப் புழக்கத்தில் உள்ள அளவு. ஆக உங்கள் செடிகள் தாங்குவது ஒரு நாளைக்கு 80, 100 கிராம் தீவனம். வளர்ந்த மீன் தன் எடையில் 2 சதவீதம் தின்னும் என்று வைத்தால் 4, 5 கிலோ மீன்தான். கால் கிலோ மீன் 18 என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 விட்டால் குஞ்சாக இருக்கும்வரை எல்லாம் அழகாகத்தான் இருக்கும், நாலாவது மாதம் தண்ணீர் நாறும்.

கிஃப்ட் திலேப்பியா (வேகமாக வளர மேம்படுத்திய ஜிலேபி ரகம்) வளர்க்க மீன்வளத் துறை அனுமதி வேண்டும் என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். யாராவது ஆப்பிரிக்கக் கெளுத்திக் குஞ்சைத் தலையில் கட்டப் பார்த்தால் வாங்காதீர்கள், அது தடை செய்யப்பட்ட மீன்.

இனி தொட்டி. 18 மீனுக்கு 500 லிட்டர் போதும், ஆனால் சின்டெக்ஸில் இரண்டு சிக்கல். மூடி வாய் சின்னது, வலையை உள்ளே விட்டுச் சுழற்ற முடியாது. வாயை அகலமாக அறுத்தால் மேல் விளிம்பு தொளதொளத்துவிடும், சுற்றி ஒரு பட்டை போட்டுக் கட்ட வேண்டும். இரண்டாவது, நாலு தொட்டியும் ஒரே நேரத்தில் நிறைந்தால் என்ன ஆகும்? ஜல்லிக்கு நடுவில் 40 சதவீதம் இடைவெளி, ஒரு தொட்டி 35 லிட்டருக்கு மேல் குடிக்கும், நாலும் சேர்ந்து 140. உங்கள் மீன் தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் திடீரென்று காணாமல் போகும், திரும்ப வரும். மீனுக்கு ஊஞ்சல் மாதிரி.

அதனால் என் ஓட்டு ஐபிசிக்குத்தான். மீன் எண்ணிக்கையைக் கூட்டாமல் தண்ணீரை மட்டும் கூட்டுங்கள், நீங்கள் செய்யும் தப்பை அது தாங்கும். ஆனால் பழையது வாங்கும்போது லேபிளைப் பார்க்காமல் வாங்காதீர்கள். திருப்பூர் உங்களுக்குப் பக்கம், மலிவாக வருவது சாயப்பட்டறைக் கேனாக இருக்கலாம். குளுக்கோஸ் சிரப், சமையல் எண்ணெய், கிளிசரின் வந்த டேங்க்தான் வேண்டும். லேபிள் கிழித்திருந்தால் வேண்டாம், என்ன விலைக்குக் கொடுத்தாலும். வெள்ளை பிளாஸ்டிக்கில் வெளிச்சம் ஊடுருவிப் பாசி பிடிக்கும், வெளியே கறுப்புப் பெயின்ட் அடித்து அதற்கு மேல் வெள்ளை அடியுங்கள்.

கடைசியாக ஒன்று. என்னுடைய முதல் செட்டில் பம்பைத் தொட்டியின் அடியில் வைத்திருந்தேன், எல்லோரும் அப்படித்தான் வைப்பார்கள். ஒரு மே மாதம் விடியற்காலையில் மேலே போகிற பைப்பில் பசை போடாமல் செருகி வைத்த எல்போ ஒன்று கழன்றுவிட்டது. பம்ப் பாட்டுக்குத் தண்ணீரைத் தரையில் கொட்டியிருக்கிறது. ஆறு மணிக்குப் போனால் நாலு விரல்கிடைத் தண்ணீரில் மீன்கள் பக்கவாட்டில் படுத்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன, தொட்டி விளிம்பில் இரண்டு காக்கை. அன்றைக்கு ஏழு மீன் போனது. அதற்கப்புறம் பம்பை ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் ஒன்றரை அடி உயரத்தில்தான் வைக்கிறேன். எது கழன்றாலும் அந்த ஒன்றரை அடித் தண்ணீர் மிஞ்சும். கலவை ஒட்டிய செங்கல், ஹாலோ பிளாக் எதையும் உள்ளே வைக்காதீர்கள், சிமென்ட் தண்ணீரைக் கெடுக்கும்.

கோப்பாய்_தோட்டக்காரன்

வைகைக்கரை அண்ணை சொன்னதெல்லாம் சரி. ஆனால் தொட்டிக்கு முன்னம் தண்ணீரைப் பற்றிக் கதைக்க வேணும். நான் யாழ்ப்பாணம். எங்கட கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால வாற தண்ணீர், கேத்தில் அடியில் வெள்ளையாகப் படியும். நான் அது போதாதென்று முதல் முறை செடித் தொட்டிக்கும் இங்கத்தைய கல்லையே உடைத்துப் போட்டேன், கருங்கல் வன்னியிலிருந்து வரவேணும், காசு கூட என்று. ஆறு மாதம் பிஹெச் (தண்ணீரின் அமில, கார அளவு) 8.2ஐ விட்டு இறங்கவே இல்லை. கீரை நரம்பு மட்டும் பச்சை, மற்றதெல்லாம் மஞ்சள். இரும்பு தண்ணீரில் இருந்தாலும் அந்தப் பிஹெச்சில் செடியால் எடுக்க ஏலாது. கடையில் விற்கிற சாதாரண ஈடிடிஏ இரும்பு உரமும் அங்கே நிற்காது, டிடிபிஏ இரும்பு கூட 7.5க்கு மேல் தடுமாறும்.

இன்னொரு ஆபத்து மீனுக்கு. மீன் கழிவில் வாற அமோனியா, சோதனையில் ஒரே அளவு காட்டினாலும், பிஹெச் 7இல் இருப்பதைவிட 8இல் அதன் நச்சுப் பகுதி கிட்டத்தட்டப் பத்து மடங்கு. சோதனைப் பெட்டி வாங்கும்போது அமோனியா, நைட்ரைட், நைட்ரேட், பிஹெச் நாலும் உள்ளதாக வாங்குங்கோ. பிஹெச்சுக்குப் பேனா மாதிரியான மீட்டர் வாங்கினால் அதைச் சரிபார்க்கிற பொடியும் சேர்த்து வாங்க வேணும், இல்லாவிட்டால் இரண்டு மாதத்தில் அது தன்பாட்டுக்கு ஏதோ சொல்லும்.

ஆகவே அந்த மீந்த ஜல்லியைப் போடுவதற்கு முதல் ஒரு கண்ணாடிக் கிளாசில் பத்துக் கல்லை எடுத்து வினாகிரி ஊற்றிப் பாருங்கோ. நுரைத்தால் சுண்ணாம்பு. நுரைக்காவிட்டால் வடிவாகக் கழுவிப் போடலாம். கோவைப் பக்கம் கருங்கல்தான் கூட என்று நினைக்கிறேன், ஆனால் மதுக்கரையில் சிமென்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக் கல் வெட்டினவர்கள்தானே, பார்க்காமல் விடாதேங்கோ.

சிறுவாணித் தண்ணீர் மென்மையானது, உங்களுக்கு அதிர்ஷ்டம். அதால் நிரப்பி, குளோரின் போக ஒன்றிரண்டு நாள் காற்று விட்டு வைத்துப் பேந்து பாவியுங்கோ. முழுக்க மென்தண்ணீரும் கூடாது. அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகிற பக்டீரியா தண்ணீரில் உள்ள காரத்தைத் தின்றுகொண்டே போகும், தாங்க எதுவும் இல்லாவிட்டால் பிஹெச் ஒரு நாள் தடாலென்று விழும். பத்து வாளிக்கு ஒரு வாளி போர் தண்ணீர் கலந்தால் அதுவே காவல். டிடிஎஸ் 1100 என்கிற எண்ணை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம், அதில் எவ்வளவு உப்பு, எவ்வளவு கார்பனேட் என்பதுதான் விசயம்.

மீன் விடுறதுக்கு முன்னம், அந்தப் பக்டீரியா பெருகட்டும் என்று, செட்டைச் சும்மா ஓட்டி, சொட்டுச் சொட்டாக அமோனியா கொடுத்து, நைட்ரைட் ஏறி இறங்குவதைப் பாருங்கோ. எங்கட வெக்கைக்கு நாலைந்து கிழமை எடுக்கும். ஒருவரும் பொறுப்பதில்லை, நானும் பொறுக்கவில்லை.

பொடக்காளி_கோவை

ரெண்டு அண்ணன்களுக்கும் நன்றிங்க. 18 மீன் என்றதும் வீட்டில் ஒரே சிரிப்பு, ஒரு மீனுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் செலவா என்று. சரி, ஐபிசி தேடுகிறேன். வினிகர் நாளைக்கு. ஆனால் ஏர் பம்ப், கரண்ட் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லையே. இங்கே மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 முதல் மாலை வரை நிறுத்துவார்கள், அது போகத் திடீர் திடீரென்றும் போகும்.

திருச்சி_வயர்மேன்

மீன் வளர்த்ததில்லை சார், மூன்று பேர் வீட்டில் இதற்கு வயரிங் போட்டிருக்கிறேன், ஒரு வீட்டில் செத்த மீனை அள்ளவும் கூட நின்றேன். அதனால் சொல்கிறேன்.

பம்ப் கொட்டும் தண்ணீரில் காற்று கலக்கும், உண்மை. ஆனால் பம்ப் நின்றால் அதுவும் நிற்கும். ஒரே பொருளை நம்பி இரண்டு வேலையை விடக்கூடாது. ஏர் பம்ப் தனி, தண்ணீர் பம்ப் தனி, முடிந்தால் இரண்டும் தனித்தனி பிளக்கில். வெயில் காலத்தில் சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் தங்கும், ராத்திரி பாசியும் சேர்ந்து அதை இழுக்கும், விடியற்காலைதான் மோசமான நேரம்.

கரண்ட் போனால் தண்ணீர் பம்ப் சில மணி நேரம் நிற்கலாம், ஜல்லி ஈரமாக இருக்கும், ஒன்றும் ஆகாது. காற்று நிற்கக்கூடாது. அதனால் 25 ஆயிரத்தில் எங்கே குறைத்தாலும் இங்கே குறைக்காதீர்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அந்த லைனில் ஏர் பம்பை மட்டும் கொடுங்கள். இல்லையென்றால் 12 வோல்ட் டிசி ஏர் பம்ப் 10 வாட்டில் ஒன்று, அதற்கு 7 ஏஹெச் பேட்டரி. 12ஐ 7ஆல் பெருக்கினால் 84 வாட்-மணி, முழுதாக இறக்கக்கூடாது, ஆக நாலைந்து மணி நேரம் தைரியமாக ஓடும். உங்கள் பராமரிப்பு நாளுக்கு அது பத்தாது, பெரிய பேட்டரி பாருங்கள். ஏர் பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே மாட்டுங்கள், கீழே வைத்தால் கரண்ட் போனதும் டியூப் வழியாகத் தண்ணீர் திரும்பி வந்து மோட்டாருக்குள் போகும். இல்லையென்றால் டியூபில் செக் வால்வ் போடுங்கள், பத்து இருபது ரூபாய் சமாச்சாரம்.

கூலர் பம்ப். அட்டையில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கு பூஜ்ய உயரத்துக்கு. நீங்கள் நாலரை அடி ஏற்றினால் பாதிகூட வராமல் போகலாம். அளந்து பாருங்கள்: பைப்பை அதே உயரத்தில் பிடித்து 10 லிட்டர் வாளி நிறைய எத்தனை விநாடி என்று. தொட்டித் தண்ணீர் மணிக்கு ஒரு சுற்று வர வேண்டும் என்பார்கள், 700 லிட்டர் தண்ணீர் என்றால் வாளி 50 விநாடியில் நிறைய வேண்டும். 2 நிமிடம் ஆனால் அந்தப் பம்பைக் கூலரிலேயே மாட்டிவிடுங்கள். அது மீன் கழிவில் அடைக்கவும் செய்யும், தண்ணீர் இல்லாமல் ஓடினால் எரியவும் செய்யும்.

பில் கணக்கு: 40 வாட் பம்ப், 20 வாட் ஏர் பம்ப், இருபத்து நாலு மணி நேரமும் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 86 யூனிட். இலவச யூனிட்டை வீடே முடித்திருக்கும், இது மேல் படியில் போய் உட்காரும். அதனால்தான் நான் தண்ணீர் பம்புக்கு மட்டும் டைமர் போடச் சொல்வது, 15 நிமிடம் ஓட்டம், 45 நிமிடம் ஓய்வு. ஓடுகிற கொஞ்ச நேரத்தில் தொட்டி நிறைய வேண்டும், பம்ப் கொஞ்சம் பெரிதாக இருக்கணும், அவ்வளவுதான். செடித் தொட்டிக்குள் செங்குத்தாக நிற்கும் வடிகால் பைப்பின் அடியில் ஒரு சின்ன ஓட்டை போட்டால் தண்ணீர் தானாக வடிந்துவிடும். பெல் சைஃபனுக்கு நாலு தொட்டிக்கு நாலு முறை தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதில்லை.

அப்புறம் முக்கியமானது. இந்த லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே அணைக்கிற சுவிட்ச்) இல்லாமல் பிளக்கைச் செருகாதீர்கள். குழந்தைகள் தீவனம் போடக் கையை விடுவார்கள். பிளக்குக்குப் போகிற வயர் ஒரு இடத்தில் கீழே தொங்கி மேலே ஏறணும், தண்ணீர் வழிந்தால் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், சாக்கெட்டுக்குள் போகாது.

கோப்பாய்_தோட்டக்காரன்

வயர்மேன் தம்பி, சைஃபனை அப்படித் தள்ளாதேங்கோ. ஒரு இஞ்சிப் பைப்புக்கு அதைக் கவிழ்த்து மூடுகிற இரண்டரை இஞ்சி மணி (பெல்), வெளியில் நாலு இஞ்சிக் காவல் பைப், வாற தண்ணீரை வால்வால் அளவாகத் திருகினால் வருசக்கணக்கில் ஓடும். அசையிற சாமான் ஒன்றும் இல்லை, பழுதாகவும் ஒன்றும் இல்லை. டைமர்தான் எனக்கு இரண்டு போனது. ஆனால் நாலு தொட்டிக்கு நாலு என்பது முதல் ஆளுக்குக் கஷ்டம், அது ஒப்புக்கொள்ளுறன்.

தாம்பரம்_மாடி

முருங்கை மரத்தை யாரும் கவனிக்கவில்லையா? அதற்குக் கீழே தொட்டியை வைக்காதீர்கள். இலை சலசலவென்று கொட்டிப் பம்ப் வாயை அடைக்கும், மழை விட்டதும் கம்பளிப்பூச்சி கொத்துக் கொத்தாக இறங்கும், தீவனம் போடப் போகிற கையெல்லாம் தடித்துப்போகும். மரத்தை விட்டுத் தள்ளி, மேலே 50 சதவீத நிழல்வலை. மீன் தொட்டிக்கு நிழல் வேண்டும், செடிக்குக் காலை வெயில் வேண்டும், அந்தப் பந்தலை அப்படிச் சாய்த்துக்கொள்ளுங்கள். தொட்டி வாய்க்கு வலை கட்டாயம், பூனைக்கும் மீன்கொத்திக்கும் நீங்கள் 25 ஆயிரம் செலவழித்தது தெரியாது.

ஜல்லித் தொட்டியில் தண்ணீர் மேல்மட்டத்துக்கு இரண்டு விரல்கிடை கீழேயே நிற்கட்டும். மேலே தெரிந்தால் பாசியும் வரும், கொசுவும் வரும், டெங்கு பார்க்க வருகிறவர்கள் முதலில் எட்டிப் பார்ப்பது உங்கள் வீடாகத்தான் இருக்கும்.

நான் மாடியில் வைத்தவள். ஆரம்பத்தில் ஐபிசி ஆசைப்பட்டேன். எங்கள் வீட்டைக் கட்டிய இன்ஜினியர் கேட்டதும் பேனாவை எடுத்தார். ஆள் நடமாடும் மொட்டை மாடிக்கு சதுர மீட்டருக்கு 150 கிலோ பாரம் என்று வைத்துத்தான் கட்டுவார்கள், நிறைந்த ஐபிசி 1.2 சதுர மீட்டரில் ஒரு டன்னுக்கு மேல் உட்காரும். அத்தோடு அந்தப் பேச்சை விட்டேன். உங்களுக்குத் தரை இருக்கிறது, கொடுத்துவைத்தவர். தரையும் சமமாக இருக்கணும், முதலில் கெட்டித்து ஒரு பிசிசி (கம்பி இல்லாத கான்கிரீட்) போட்டுவிடுங்கள். ஒரு பக்கம் இறங்கினால் டிரம்மில் தண்ணீர் ஒரு மூலையில் மட்டும் நிற்கும். பாதி டிரம் ஜல்லி ஏறியதும் பக்கவாட்டில் பிதுங்கும், மரச்சட்டம் அடித்து அதற்குள் உட்கார வையுங்கள்.

பித்தளை, செம்பு எதுவும் தண்ணீரில் படவேண்டாம். எங்கள் பிளம்பர் நல்ல மனசோடு பித்தளை வால்வ் மாட்டிவிட்டுப் போனார், கழற்றச் சொன்னதற்கு இன்றுவரை வருத்தம். பிவிசி பால் வால்வே போதும்.

பொடக்காளி_கோவை

எல்லோருக்கும் நன்றிங்க. இரண்டு நாள் வேலையைச் சொல்லிவிடுகிறேன்.

கூலர் பம்பை நாலரை அடியில் பிடித்து வாளி வைத்தேன். 1 நிமிடம் 50 விநாடி. கூலருக்கே போய்விட்டது.

வினிகர் சோதனையில் பத்துக் கல்லில் மூன்று நுரைத்தது, வயிறு கலங்கிவிட்டது. அப்புறம் தூக்கிப் பார்த்தால் அந்த மூன்றிலும் கலவை ஒட்டியிருக்கிறது, கொத்தனார்கள் மீந்த கலவையைக் குவியலில் கொட்டியிருக்கிறார்கள். உடைத்துப் பார்த்தேன், கல்லின் உள்பக்கத்தில் வினிகர் ஊற்றினால் நுரை இல்லை. ஆக கருங்கல்தான். மகளுக்குக் கூலி பேசி உட்கார வைத்திருக்கிறேன், கலவை ஒட்டிய கல்லைப் பொறுக்கி ஒதுக்க ஒரு வாளிக்கு 10 ரூபாய். ஏழு வாளி முடித்துவிட்டாள், இப்போதே விலையை ஏற்றச் சொல்கிறாள்.

ஐபிசி ஒன்று அவிநாசி ரோட்டுப் பக்கம் பார்த்தேன், லேபிளில் லிக்விட் குளுக்கோஸ் என்று இருக்கிறது, மூடியைத் திறந்தால் லேசான இனிப்பு வாசனை. அடியில் இருக்கும் வால்வில் மட்டும் ஒரு சொட்டு ஒழுகல். அந்த வால்வை மாற்ற முடியுமா, இல்லை வேறு டேங்க் பார்க்கட்டுமா?

வைகைக்கரை

வால்வின் கேஸ்கெட் போயிருக்கும், மாற்றலாம். வெளிப்பக்க மூடியில் வாஷர் போட்டு இறுக்கினாலே பல நேரம் நின்றுவிடும். ஆனால் தண்ணீரை முழுசாக நிரப்பி ஒரு ராத்திரி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பெயின்ட் அடியுங்கள். விலையில் 500 குறைக்கச் சொல்லுங்கள், ஒழுகலைக் காட்டிக் கேட்டால் குறைப்பார்கள்.